வளையலுக்கு விலை போடும்போதே அடுப்புக்கும் நேரம் போட்டுவிட வேண்டும்

பட்டு நூல் வளையலும் ஜிமிக்கியும் செய்து விற்கிற பெண்கள் எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம் இப்போது வீதிக்கு ஒருவராவது இருக்கிறார்கள். ஆசையாக ஆரம்பிப்பார்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் ஒரு புது டிசைன் வரும், கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் சத்தமே இருக்காது. என்னங்க ஆச்சு என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "வீட்டையும் பார்த்துட்டு இதையும் பார்க்க முடியலைங்க." சிலர் கை வலி என்பார்கள், சிலர் பிள்ளைகள் படிப்பு என்பார்கள், சிலருக்கு நேரத்துக்குச் சோறு ஆகவில்லை என்று வீட்டில் பேச்சு. எல்லாமே உண்மைதான். ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோளாறு வளையலின் விலையில் இருக்கிறது. பார்க்கிறவர்களிடம் எல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்றைக்குக் கணக்கோடு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு கைக்குமான ஒரு செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடி வளையல், நூல், குந்தன் கல், பால் செயின் என்கிற மணிச் சங்கிலி, பசை, டப்பா எல்லாம் சேர்ந்து 170 ரூபாய் ஆகிறது என்று வைப்போம். நூல் சுற்றி, கல் ஒட்டி, போட்டோ எடுத்து, "இந்த ரோஸ் இல்லீங்க, இன்னும் கொஞ்சம் வெளுத்த ரோஸ்" என்கிற பேச்சையெல்லாம் பேசி முடித்து, பேக் பண்ணிக் கட்டுவது வரை நான்கு மணி நேர வேலை. பக்கத்து வீதியில் 280க்குக் கொடுக்கிறார்கள் என்று நாமும் 280 வைத்தால் கையில் நிற்பது 110 ரூபாய். மணிக்கு இருபத்தேழரை ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய், அதை எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42 வருகிறது. கண்ணையும் விரலையும் கொடுத்துக் கைவேலை செய்கிற பெண் அதைவிடக் கம்மியாக வாங்குகிறாள், அதையும் "சும்மா இருக்கிற நேரத்துல பண்றதுதானே" என்று அவளே சொல்லிக்கொள்கிறாள். இந்தச் "சும்மா" என்கிற பேச்சு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

சரி, மாதம் 6,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். செட்டுக்கு 110 நின்றால் 55 செட் செய்ய வேண்டும், 220 மணி நேரம். முப்பது நாளும் லீவே இல்லாமல் தினமும் ஏழு மணி நேரத்துக்கு மேல். அதே செட்டை 450க்குக் கொடுத்தால் 280 நிற்கும், 22 செட் போதும், 88 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஞாயிறும் நோம்பி நாளும் போக மாதத்தில் 22 நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். பணம் ஏறக்குறைய அதேதான். ஆனால் முதல் கணக்கில் கை போகும், தூக்கம் போகும், பிள்ளைகளிடம் எரிந்து விழுவோம், ராத்திரி பதினொரு மணிக்கு டியூப் லைட்டுக்குக் கீழே கல் ஒட்டிக்கொண்டிருப்போம். இரண்டாவது கணக்கில் ஒரு வீடு நடக்கும்.

இதோடு வீட்டு வேலையையும் சேர்த்துப் பாருங்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள் என்று வந்தது. ஆண்களுக்கு 88 நிமிடம். 289 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்கிற நேரம் அந்தக் கணக்கில் தனி. அந்த ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஏழு மணி நேர வளையல் வேலையை ஏற்றி வைத்தால் எந்த உடம்பு தாங்கும்? அதனால்தான் நேரத்தை மிச்சம் பிடிக்க வழி தேடுவதற்கு முன்னால் விலையைச் சரி பண்ணுங்கள் என்கிறேன்.

விலை ஏற்றினால் ஆள் வராது என்கிற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. சிலர் வரமாட்டார்கள், போகட்டும். ராஜ வீதிக் கடைகளில் டஜன் கணக்கில் தொங்குகிற வளையலோடு விலையில் போட்டி போட நம்மால் முடியாது, போடவும் கூடாது. நம்மிடம் வருகிறவர்கள் வேறு. முகூர்த்தப் புடவையின் ரவிக்கைத் துணியில் ஒரு துணுக்கை வெட்டிக் கொண்டுவந்து, இந்த நிறம்தான் வேண்டும் என்று நிற்கிற பெண்ணின் அம்மா, வளைகாப்புக்கு ஏழு நிறத்தில் கேட்கிற அண்ணன் மனைவி, பெண் பெரியவளானதற்குச் செய்கிற திரட்டிச் சீருக்குப் பாவாடையின் பார்டருக்குத் தகுந்த மாதிரி ஜிமிக்கி கேட்கிற அத்தை. இவர்களுக்குக் கடையில் கிடைக்காதது இரண்டுதான், சரியான நிறம், சரியான அளவு. அந்த இரண்டையும் தவறாமல் கொடுத்தால் 450 அவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது.

அளவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு உதவும். 2.4 என்றால் உள் விட்டம் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும், அதாவது இரண்டே கால் அங்குலம். 2.6 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் ஆறு பங்கும், 2.8 என்றால் இரண்டரை அங்குலம். நூல் வளையலின் உள்பக்கமும் சுற்றி வருவதால் அந்தக் கனம் அளவில் கொஞ்சம் தின்றுவிடும். கல் வளையல் 2.4 போடுகிற கைக்கு நூல் வளையல் 2.4 ஏறச் சிரமப்படும். அதனால் வாயால் சொல்கிற அளவை நான் எடுத்துக்கொள்வதில்லை, தினமும் போடுகிற வளையல் ஒன்றைக் கொடுத்தனுப்பச் சொல்வேன், இல்லாவிட்டால் அதன் மேல் ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். அப்புறம் பட்டு நூல் என்று கடையில் விற்பதில் பெரும்பகுதி ரேயான் நூல்தான். வாங்குகிறவர்களிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, தண்ணீர் படாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்துச் சொல்லலாம்.

இனி அடுப்பு. சமையலும் நூல் வேலையும் ஒன்றுக்கொன்று ஆகாது, முக்கியமாக மஞ்சள். எங்கள் ஈரோட்டு மஞ்சள் இல்லாமல் எங்கள் வீட்டில் பருப்பு வேகாது, அந்த மஞ்சள் நகக்கண்ணில் தங்கிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. அந்தக் கையோடு வெள்ளை நூலையோ இளம் ரோஸையோ தொட்டால் அந்தச் சுற்று முழுவதும் அவிழ்க்க வேண்டியதுதான். தேங்காய் துருவின கையின் எண்ணெய்ப் பிசுக்கும் அப்படித்தான், கல் ஒட்டாது, ஒட்டின மாதிரி இருந்து இரண்டு நாளில் உதிரும். தாளிக்கிற புகையும் ஆவியும் வருகிற இடத்தில் நூல்கண்டைத் திறந்து வைக்கவே கூடாது. கல் ஒட்டுகிற பசைகளில் சில தீப்பிடிக்கக் கூடியவை, டியூபிலேயே அச்சிட்டிருப்பார்கள், அதை அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. இத்தனையும் பார்த்துத்தான் நான் வேலையை வரிசைப்படுத்தியிருக்கிறேன். வெடியாலேயே, அதாவது விடிகாலையிலேயே, மதியச் சாப்பாடு வரைக்கும் சமைத்து முடித்துவிடுவேன். மஞ்சள் தொடும் வேலை, தேங்காய் வேலை எல்லாம் அதற்குள் முடிந்துவிட வேண்டும். எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்துக் கையைக் கழுவி, பழைய வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்து, துணியில் கறை இல்லையென்றால்தான் ஆசாரத்தில், அதாவது கூடத்தில், போய் உட்காருவேன். கறை இருந்தால் அன்றைக்கு மெரூனும் கரும்பச்சையும்தான் சுற்றுவது, வெளிர் நிறத்தை மறுநாளைக்குத் தள்ளிவிடுவேன்.

ஆர்டர் நெருக்குகிற நாளில் என்ன சமைப்பது என்பதற்கு எங்கள் ஊர்ச் சமையலிலேயே வழி இருக்கிறது, வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. அரிசிம்பருப்பு சாதம் ஒன்று போதும். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்குச் சற்று கூடுதலாகத் துவரம் பருப்பு, மூன்று டம்ளருக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர். சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாக, சீரகம், மிளகு, வரமிளகாய், ஒரு தக்காளி, மஞ்சள், எல்லாம் வதக்கி ஒரே குக்கரில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. மேலே நெய், பக்கத்தில் தயிரும் அப்பளமும். பிள்ளைகள் மறுபேச்சுப் பேசாமல் சாப்பிடுகிற சோறு. கொள்ளும் அப்படித்தான், ராத்திரி ஊறவைத்து வெடியால வேகவைத்தால் வடித்த தண்ணீர் ரசத்துக்கு ஆகும், வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயத்தோடு கடைந்தால் சோற்றுக்கு ஆகும். ஒரே வேக்காட்டில் இரண்டு பதார்த்தம். சின்ன வெங்காயம் உரிப்பதுதான் நேரம் தின்கிற வேலை, அதை முந்தின நாள் பொழுதோட, சாயங்காலமே, என் மாமியாரான அத்தை டிவி பார்த்துக்கொண்டே உரித்து டப்பாவில் போட்டுவிடுவார். எனக்கு என்னவோ நான்கு வகைப் பொரியல் கூட்டு வைத்தால்தான் நல்ல மருமகள் என்கிற எண்ணம் எப்போதுமே வந்ததில்லை, அத்தையும் அப்படி எதிர்பார்க்கிறவர் இல்லை. அது என் கொடுப்பினை என்றுதான் நினைக்கிறேன்.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றி நம்மில் யாரும் பேசுவதில்லை. நூல் சுற்றுகிற வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரியும். இருபது முப்பது இழையை ஒன்றாகச் சேர்த்து, நுனியை வளையலின் உள்பக்கம் ஒட்டி, இழைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், வாரின தலைமுடி மாதிரி பட்டையாகப் படுக்கும்படி இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது கட்டைவிரல். ஒவ்வொரு சுற்றுக்கும் மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பும். நாள் முழுவதும் இதைச் செய்துவிட்டு அதே கையால் துணி பிழிகிறோம், தேங்காய் துருவுகிறோம், தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறோம்.

எனக்கு வலி கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் வந்தது. டாக்டர் ஒரு சின்னச் சோதனை செய்யச் சொன்னார்: கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடிக்கொண்டு, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்க வேண்டும். சுரீரென்று வலித்தது. டி குவர்வெய்ன் என்று பெயர் சொன்னார், கட்டைவிரலை ஆட்டுகிற தசைநாண் போகிற உறை தடித்துப்போய் நாண் உரசுவதால் வருவதாம். கைக்குழந்தையை அடிக்கடி தூக்குகிற அம்மாக்களுக்கும் இது அதிகம் வரும். பிரசவத்துக்குப் பிறகு வீட்டில் இருக்கிறோமே என்று இந்தத் தொழிலை ஆரம்பிக்கிற பெண்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும், இரண்டு பாரமும் ஒரே விரலில் விழுகிறது. கட்டைவிரலை அசையாமல் பிடிக்கிற ஸ்ப்ளின்ட் போட்டு, கைக்கு ஓய்வு கொடுத்தால் நிறையப் பேருக்குக் குறைந்துவிடும், குறையாவிட்டால் ஊசி உண்டு, அதற்கு மேல் தேவைப்பட்டால் சின்ன அறுவை சிகிச்சையும் உண்டு. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஆர்டரை முடித்துவிடலாம் என்று மட்டும் இருக்காதீர்கள்.

அந்த ஓய்வு நாட்களில் எங்கள் வீட்டுக்காரர் துணி பிழிவதையும் தேங்காய் துருவுவதையும் எடுத்துக்கொண்டார், கை சரியான பிறகும் அவை அவரிடமே இருக்கின்றன. நான் திரும்பக் கேட்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை. வேலைக்குப் போகிற வழியில் கூரியர் போட்டுவிட்டுப் போவதும் அவர்தான்.

கண்ணுக்கும் கவனிப்பு வேண்டும். நாற்பதை ஒட்டி வெள்ளெழுத்து வருவது எல்லோருக்கும் உள்ளது, கல் ஒட்டுகிறவர்களுக்கு அது முன்கூட்டியே தெரிந்துவிடும், ஏனென்றால் நாம் பார்க்கிற பொருள் அத்தனை சின்னது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தலையைத் தூக்கி இருபதடி தூரத்தில் எதையாவது இருபது விநாடி பார்க்கச் சொல்வார்கள். எனக்கு வாசலில் இருக்கிற வேப்பமரம். வெளிச்சம் இருக்கும்போதே நுணுக்க வேலையை முடித்துவிட வேண்டும், ராத்திரி நிறமும் ஏமாற்றும், கண்ணும் நோகும்.

இன்னொன்று சாப்பாடு. நாமே சமைத்துவிட்டு நாமே சாப்பிடாமல் டீயைக் குடித்துக்கொண்டு வேலை பார்ப்பது நம்மிடம் ரொம்ப அதிகம். 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தச்சோகை. டீ, காப்பி இரண்டுமே சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும், எலுமிச்சை, நெல்லிக்காய் மாதிரி புளிப்பானவை சேர உதவும். அதனால் கீரைக்கும் கொள்ளுக்கும் மேலே எலுமிச்சை பிழியுங்கள், டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். மதியம் வட்டலில் போட்டு, உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் மறு வேலை. போன் அப்போது அடித்தாலும் எடுப்பதில்லை.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது. "ஏனுங்க, நாளான்னிக்கு முகூர்த்தம், ஒரே ஒரு செட்டு பண்ணிக் குடுத்துருங்க" என்று ராத்திரி ஒன்பது மணிக்கு வருகிற அழைப்புதான் வீட்டை அதிகம் கலைப்பது. அன்பாகத்தான் கேட்பார்கள், அதனால்தான் மறுப்பது கஷ்டம். நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், வாரத்துக்கு இத்தனை செட் என்று கோடு போட்டது. நிறைந்துவிட்டால் அடுத்த வாரம்தான். பாதிப் பணம் முன்பணமாக வந்தால்தான் நோட்டில் பேர் ஏறும். "நோட்டு நெறஞ்சுருச்சுங்க" என்று சொல்வது "முடியாதுங்க" என்று சொல்வதைவிட எனக்கும் சுலபம், கேட்கிறவர்களுக்கும் வருத்தமில்லை. பையன் அந்த நோட்டில் தேதி எழுதுவதைத் தன் வேலையாக வைத்திருக்கிறான். மகள் கற்களை நிறம் வாரியாக, அளவு வாரியாகப் பிரித்துப் போடுவாள். பசையைப் பிள்ளைகளிடம் கொடுப்பதில்லை, எத்தனை அவசரமானாலும்.

வருஷக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நம் தொழில் ஆங்கிலக் காலண்டரில் ஓடவில்லை. ஆடி, மார்கழியில் கல்யாணம் இல்லை, புரட்டாசியிலும் பெரும்பாலான வீடுகளில் வைக்க மாட்டார்கள். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் மூச்சு விட நேரம் இருக்காது. ஐயோ ஆர்டர் இல்லையே என்று ஆடியில் விலையைக் குறைத்துக் கூவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த மாதம் நமக்கு வேண்டியது. கண் டாக்டர், ரத்தப் பரிசோதனை, தள்ளிப்போட்ட பல் வலி எல்லாவற்றையும் அப்போது முடித்துக்கொள்ளலாம். எல்லோரும் கேட்கிற மெரூன், பச்சை, தங்க நிறத்தில் கல் ஒட்டாத அடி வளையல்களைச் சுற்றி வைத்துக்கொண்டால் ஆவணியில் கல்லும் செயினும் மட்டும்தான் வேலை. அம்மா வீட்டுக்கு ஆடி நோம்பிக்குப் போய் பிள்ளைகளோடு கொடிவேரி அணையில் குளித்துவிட்டும் வரலாம்.

காகித வேலைகளில் உத்யம் என்கிற சிறுதொழில் பதிவை மட்டும் செய்துவைத்துக்கொள்ளுங்கள், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் இணையத்தில் இலவசமாகவே முடியும், இதற்குக் காசு கேட்பவர்களை நம்ப வேண்டாம். பிற்பாடு வங்கியில் சிறுதொழிலுக்குக் கொடுக்கிற முத்ரா கடனுக்குப் போனால் கையில் ஒரு சான்று இருக்கும். வெளி மாநிலத்துக்கு அனுப்புகிற அளவுக்கு வளர்ந்தால் ஜிஎஸ்டி பற்றி ஒரு ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கடைசியாக ஒரம்பரை. எல்லோரும் என்னிடம் கேட்பதும் இதைத்தான், சொந்தக்காரர்களிடம் எப்படிக் காசு வாங்குவது? நான் செய்வது இது. கூடப்பிறந்தவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நானே முந்திக்கொண்டு சீராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன், அதற்குக் காசு பேச்சே கிடையாது, மனசு நிறைந்து செய்வது. மற்ற எல்லோருக்கும் நோட்டில் இருக்கிற விலை. போன வைகாசியில் பெரியப்பா வழிச் சொந்தம் ஒருவர் வீட்டுக்கே வந்து, "நூலு தானம்மணி, நூத்தி அம்பது ரூபாய்க்குப் போட்டுக் குடு" என்றார். நான் பதில் சொல்வதற்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை, "நூலுக்கு நூத்தி அம்பது சரீங்க, அவ கைக்கு எவ்வளவு தர்றீங்க?" என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டு முழுப் பணத்தையும் எடுத்து வைத்தார். ஐப்பசியில் வந்த இன்னொரு கல்யாணத்துக்கும் அவரே ஆள் அனுப்பினார்.

வருகிற பணத்தை வீட்டுச் செலவோடு கலக்காமல் தனிக் கணக்கில் போடுகிறேன். நூல், கல் வாங்க ஒரு பங்கு, மகள் படிப்புக்கு ஒரு பங்கு, மீதி என் சிலுவாடு, எனக்கென்று சேர்த்து வைக்கிற சிறுசேமிப்பு. ஆவணி நோட்டை ஆடிப்பெருக்கு முடிந்ததும் திறக்கிறேன். வேண்டுபவர்கள் அளவு வளையலையும் புடவைத் துணுக்கையும் சேர்த்தே கொடுத்தனுப்புங்கள், ஜிமிக்கியும் வேண்டுமென்றால் காதுத் தண்டு கனமா சன்னமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.